எந்த சொசேஜை எப்படி சமைக்கிறது? கொழும்பில புதுசா அடுப்பு மூட்டுறவைக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையிலயோ தெஹிவளையிலயோ ஒரு ரூம் எடுத்து, ஒரு கேஸ் அடுப்பும் ஒரு தாச்சியும் வச்சுக்கொண்டு சமைக்கத் தொடங்கிற ஆக்கள் முதல் முதல்ல வாங்கிற இறைச்சி அநேகமா சொசேஜ்தான், ஏனெண்டா கழுவத் தேவையில்ல, எலும்பு இல்ல, வேலையால வந்து பத்து நிமிசத்தில பாணோட சாப்பிடலாம். ஆனா சுப்பர்மார்க்கெற் பிரீசருக்கு முன்னால போய் நிண்டா கோழி, பன்றி, மாடு, சீஸ் போட்டது, தோல் இல்லாதது, குட்டி குட்டியா கொக்டெயில் சொசேஜ், லிங்குஸ் எண்டு வரிசையா கிடக்கும், பாக்க எல்லாம் ஒண்டு போலத்தான் இருக்கும். எல்லாத்தையும் ஒரே மாதிரி சூடான எண்ணெய்க்குள்ள போட்டா சிலது வெடிக்கும், சிலது வெளியில கருகி உள்ளுக்கு பச்சையா கிடக்கும், சிலது காஞ்சு இறுகிப்போகும்.

கனபேர் கோழியா பன்றியா எண்டுதான் முதல்ல பாக்கிறவை. அதுவும் பாக்கத்தான் வேணும், ஆனா சமைக்கிறவருக்கு அதுக்கு முதல் தெரியவேண்டியது ஒண்டு இருக்கு: இந்த சொசேஜ் ஏற்கனவே வெந்ததா, பச்சையா, இல்லாட்டி உப்புப் போட்டுப் பதப்படுத்திக் காயவச்சதா? இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா எவ்வளவு நெருப்பு, எவ்வளவு நேரம், எண்ணெய் வேணுமா வேண்டாமா எண்டதெல்லாம் தானா விளங்கும். பக்கெற்றுக்கு பின்பக்கம் இதை எழுதியிருப்பாங்கள், சின்ன எழுத்தில இருக்கும், ஒரு நிமிசம் நிண்டு வாசியுங்கோ.

முதல்ல வெந்த வகை

எங்கட சுப்பர்மார்க்கெற்றுகள்ல கிடைக்கிற சாதாரண சிக்கன் சொசேஜ் அநேகமா எல்லாம் இந்தக் குடும்பம்தான். பிராங்க்பர்ட்டர், வியன்னா எண்டு வெளிநாட்டில சொல்றது இதின்ட மூத்த ஆக்கள். ஜெர்மனியில பிராங்க்பர்ட் ஊர்ச் சொசேஜ் தனிப் பன்றி, வியன்னாவில மாடும் சேர்ப்பினம், அந்த வியன்னா சொசேஜை யொஹான் கெயோர்க் லானர் எண்ட இறைச்சிக்கடைக்காரர் 1805ல செய்யத் தொடங்கினவர் எண்டு சொல்லுவினம். இங்க அதே முறையில கோழி இறைச்சியைப் போட்டுச் செய்யினம்.

செய்யிற விதம் தெரிஞ்சா சமைக்கிறது லேசு. இறைச்சி, கொழுப்பு, உப்பு, ஐஸ் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு இறைச்சித் துணிக்கையே தெரியாத பசையா வரும் வரைக்கும் அரைப்பினம். அரைக்கேக்க மெசின் சூடு பிடிச்சா கொழுப்பு பிரிஞ்சிடும், அதாலதான் ஐஸ் போடுறது. பிறகு தோலுக்குள்ள நிரப்பி, சில வகைக்கு புகையும் காட்டி, பக்டரியிலேயே அவிச்சுத்தான் வருது. அப்ப வீட்டில நீங்கள் செய்யிறது வேகவைக்கிறது இல்ல, சூடாக்கிறதும் மேல் பக்கம் நிறம் வரப்பண்றதும்தான்.

அதால கொதிக்கிற தண்ணிக்குள்ள போட்டு கால் மணித்தியாலம் தளதளக்க விடாதீங்கோ. உள்ளுக்கிருக்கிற தண்ணி விரிஞ்சு தோல் வெடிக்கும், உப்பும் மணமும் எல்லாம் தண்ணிக்குப் போயிடும். தண்ணியைக் கொதிக்கவச்சு, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு, ஐஸ் கரைஞ்ச சொசேஜை அதுக்குள்ள போட்டு மூடி எட்டுப் பத்து நிமிசம் விட்டாப் போதும், மூடியைத் திறக்க நடுவிலயும் ஆவி பறக்கிற சூடு வந்திருக்கவேணும். தாச்சியில செய்யிறதெண்டா சரிவா ரெண்டு மூண்டு கீறல் போட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில, நடுத்தர நெருப்பில உருட்டி உருட்டி வாட்டுங்கோ. சீஸ் உள்ளுக்கு இருக்கிறதுக்கு கீறல் போடக்கூடாது, சீஸ் வெளியில வந்து தாச்சியில ஒட்டும், எண்ணெயும் தெறிக்கும். சீஸ் சொசேஜை நிறைய எண்ணெயில பொரிக்கிறதை நான் ஆருக்கும் சொல்லமாட்டன், கை சுடும்.

கொக்டெயில் சொசேஜும் இதேதான், உருவம் மட்டும் சின்னன். சான்விச்சுக்கு வட்டம் வட்டமா வெட்டி விக்கிற போலோனா, மோர்ட்டடெல்லா எல்லாம் இதே பசையை பெரிய குழாயில நிரப்பி அவிச்சது, அப்பிடியே சாப்பிடுறது.

பச்சை வகை: இதிலதான் கவனம் வேணும்

பச்சை சொசேஜ் எண்டா இறைச்சியைக் கொத்தி, உப்பும் வாசனைச் சரக்கும் சேர்த்து, தோலுக்குள்ள நிரப்பினது, அவ்வளவுதான், நெருப்பைக் கண்டதில்ல. பிராட்வர்ஸ்ட், இத்தாலியன் சொசேஜ், இங்கிலீஸ் காலைச் சாப்பாட்டுப் பன்றிச் சொசேஜ், வட ஆபிரிக்காவில செய்யிற உறைப்பான மெர்கேஸ் எண்டு உலகம் முழுக்க இருக்கு. இத்தாலியன் சொசேஜில பெருஞ்சீரகம் மணக்கும், ஜெர்மன்காரர் மார்ஜோரம் எண்ட இலை போடுவினம், இங்கிலீஸ்காரர் காஞ்ச ரஸ்க் தூள் சேர்க்கிறதால அவையிட சொசேஜ் மெதுவா இருக்கும். மெர்கேஸ் மாடு, ஆடு ரெண்டிலயும் செய்வினம், பன்றி சேராது.

எங்களுக்கு கிட்டின பச்சை சொசேஜ் லிங்குஸ். போர்த்துக்கேயர் 1505ல இங்க வந்தாப்பிறகு அவையோட வந்து தங்கின சாப்பாடுகள்ல ஒண்டு. போர்த்துக்கல்லில இதின்ட அண்ணன் உள்ளியும், பப்ரிக்கா எண்ட உறைப்புக் குறைஞ்ச சிவப்பு மிளகாய்த்தூளும் போட்டு புகை காட்டினது. கோவாவில அதே வழியில வந்த சொரிசோ இருக்கு, வினாகிரியும் செத்தல் மிளகாயும் போட்டது. நீர்கொழும்பில இருந்து சிலாபம் பக்கம் வரைக்கும் இருக்கிற கத்தோலிக்க வீடுகள்லயும், கொழும்பில பறங்கியர் வீடுகள்லயும் நத்தார் வருதெண்டா லிங்குஸ் இல்லாமல் இருக்காது. பன்றி இறைச்சியும் கொழுப்பும் கொஞ்சம் பெரிசாக் கொத்தி, வினாகிரி, மிளகு, கராம்பு, கறுவா, சாதிக்காய் எண்டு சேர்ப்பினம், வீட்டுக்கு வீடு அளவு மாறும், அதாலதான் எனக்கு இதில இவ்வளவு விருப்பம், கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டில சாப்பிட்ட லிங்குஸுக்கும் நீர்கொழும்பில சாப்பிட்டதுக்கும் சம்பந்தமே இருக்காது. லிங்குஸ் எண்டு பேர் போட்டு சுப்பர்மார்க்கெற்றில கோழியிலயும் வருது, அது வெந்ததா பச்சையா எண்டு பக்கெற்றைப் பாத்து உறுதிப்படுத்திக்கொண்டு சமையுங்கோ.

பச்சை சொசேஜ் சமைக்கிற முறை எல்லாத்துக்கும் ஒண்டுதான். தாச்சி சூடாக முதலே சொசேஜை அடுக்கி, அடி மூடுற அளவுக்கு கொஞ்சம் தண்ணி விடுங்கோ, எண்ணெய் வேண்டாம். மூடி போட்டு நடுத்தர நெருப்பில எட்டுப் பத்து நிமிசம், இடையில ஒருக்கா பிரட்டிவிடுங்கோ. அந்த ஆவியில உள்ளுக்கு வெந்திடும். பிறகு மூடியை எடுத்து தண்ணி வத்த விட்டா சொசேஜிட சொந்தக் கொழுப்பே உருகி தாச்சியில நிக்கும், அந்தக் கொழுப்பிலேயே நெருப்பைக் குறைச்சு மெல்ல மெல்ல சிவக்க விடுங்கோ. அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினா தோல் வெடிச்சு கொழுப்பு எல்லாம் ஓடி, சொசேஜ் சவச்சவ எண்டு ஆயிடும். முள்ளுக்கரண்டியால குத்துற பழக்கம் கனபேருக்கு இருக்கு, பச்சை சொசேஜை குத்தாதீங்கோ, உள்ளுக்கிருக்கிற சாறுதான் அதின்ட ருசி.

வெந்ததோ எண்டு பாக்கிறதுக்கு நிறத்தை நம்பேலாது. மிளகாயும் பப்ரிக்காவும் போட்டது வெந்தாப்பிறகும் சிவப்பாத்தான் இருக்கும், சிலது வேக முதலே மண்ணிறமாத் தெரியும். ஒரு சின்ன சமையல் தேர்மோமீற்றர் வாங்கி வையுங்கோ, பச்சை சொசேஜ் அடிக்கடி சமைக்கிற ஆளெண்டா அந்தக் காசு வீணில்ல. சொசேஜிட நுனிப்பக்கத்தால நடுவுக்குக் குத்திப் பாக்க பன்றி, மாடு, ஆடு எண்டா 71 டிகிரி செல்சியஸ், கோழி எண்டா 74 டிகிரி காட்டவேணும். தேர்மோமீற்றர் இல்லாட்டி ஆகத் தடிச்சதை நடுவால வெட்டிப் பாருங்கோ, நடுப்பகுதி பிசுபிசுப்பு இல்லாமல் இறுகி, ஆவி பறக்க வேணும், சந்தேகமெண்டா திருப்பி மூடிவிட்டு இன்னும் அஞ்சு நிமிசம்.

மியூனிக் நகரத்து வைஸ்வர்ஸ்ட் இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவில நிக்கிற ஒண்டு. மாட்டுக் கண்டு இறைச்சியும் பன்றியும் நல்லா அரைச்சு, பார்ஸ்லி இலை போட்டு, வெள்ளையா மெதுவா இருக்கும், வாட்டவே கூடாது, கொதிக்காத சூடான தண்ணியில வச்சு எடுத்து தோலை உரிச்சுச் சாப்பிடுறது. வெளிநாட்டில இருந்து ஆரும் கொண்டுவந்து தந்தா தாச்சியில போட்டுடாதீங்கோ எண்டுதான் இதைச் சொல்றன்.

காயவச்ச வகை

சலாமி, பெப்பரோனி, ஸ்பானிஸ் சொரிசோ எல்லாம் இதுக்குள்ள வரும். உப்பும் காலமும்தான் இதைப் பதப்படுத்துறது, மெல்லிசா வெட்டி அப்பிடியே சாப்பிடலாம். பெரிய சுப்பர்மார்க்கெற்றுகள்ல கிடைக்கும், விலை கூட, ஆனா கொஞ்சம் போட்டாலே சட்டி முழுக்க மணக்கும். ஸ்பானிஸ் சொரிசோவில புகையில காயவச்ச பப்ரிக்காத்தூள் நிறைய இருக்கு. எண்ணெய் இல்லாத தாச்சியில சின்னத் துண்டாப் போட்டு மெல்லிய நெருப்பில வச்சா சிவப்பு எண்ணெய் கசியும், அதுக்குள்ள அவிச்ச கடலையையும் வெங்காயத்தையும் போட்டுப் பிரட்டிப் பாருங்கோ, எங்கட கடலைச் சுண்டல் சாப்பிட்டு வளந்த நாக்குக்கு கட்டாயம் பிடிக்கும். மெக்சிகோக்காரரிட சொரிசோ எண்டு ஒண்டு இருக்கு, பேர் ஒண்டுதான், ஆனா அது பச்சை, முழுசா வேகவைக்கவேணும்.

சைனீஸ் சொசேஜ், லாப் சொங் எண்டு சொல்றது, காஞ்சு சுருங்கி இனிப்பா இருக்கும், ஆனா காஞ்சிருக்கு எண்டு அப்பிடியே கடிக்கிறதில்ல. சோறு வேகேக்க கடைசி கால் மணித்தியாலம் மேல வச்சு மூடினா அதிலயிருந்து உருகிற கொழுப்பு சோத்துக்குள்ள இறங்கும், பிறகு சரிவா வெட்டி ப்ரைட் ரைஸுக்கும் போடலாம். அநேகமா பன்றி, மதுவும் சேர்த்திருப்பினம், முஸ்லிம் கூட்டாளிமாருக்கு சமைக்கிறீங்கள் எண்டா இதை விட்டுடுங்கோ.

தோல் விசயம்

இது எங்கட வீடுகளுக்கு முக்கியம், ஆனா ஆரும் சொல்லித்தாறதில்ல. மாடு சாப்பிடாத வீடுகள்ல சிக்கன் சொசேஜ்தானே எண்டு நிம்மதியா வாங்குவினம். உள்ளுக்கு கோழிதான், ஆனா வெளித்தோல் கொலாஜன் எண்டிருந்தா அது அநேகமா மாட்டுத் தோலில இருந்து எடுக்கிற புரதம். வெளிநாட்டுச் சொசேஜுகள் சிலதில ஆட்டுக்குடல், பன்றிக்குடல் எண்டு இயற்கைத் தோல் இருக்கும், உள்ளுக்கு வேற இறைச்சியா இருந்தாலும். தோல் இல்லாத சொசேஜ் எண்டு விக்கிறது செலுலோஸ் எண்ட தாவரப் பொருளில செய்த உறைக்குள்ள அவிச்சு, பிறகு பக்டரியிலேயே உரிச்செடுத்தது. அம்மம்மாவுக்கோ மாமிக்கோ சமைக்கேக்க சந்தேகம் இருந்தா தோல் இல்லாததை வாங்கி, உள்ளுக்கு என்ன இருக்கெண்டும் லேபலில பாத்துக்கொள்ளுங்கோ, விரதம் பிடிக்கிற, மாடு தொடாத ஆக்களுக்கு தெரியாமல் குடுக்கிறது சரியில்ல. ஹலால் பாக்கிறவை பக்கெற்றில ஹலால் அக்ரெடிடேசன் கவுன்சிலிட முத்திரை இருக்கா எண்டு பாக்கலாம், அது தோலையும் சேர்த்துத்தான்.

சில பெரிய சொசேஜுகளுக்கு மேல பிளாஸ்டிக் உறை அப்பிடியே இருக்கும், நகத்தால கீறினா உரிஞ்சு வரும், அதை எடுத்துப்போட்டுத்தான் சமைக்கவேணும்.

லேபலை வாசிக்கிறது

உள்ளுக்கு போட்ட சாமான்களை நிறையில கூடினதில இருந்து குறைஞ்சது வரைக்கும் வரிசையாத்தான் எழுதுவினம். முதல் பேர் இறைச்சியா இருந்தா நல்லது. தண்ணி, ஸ்ராச், சோயாப் புரதம் எண்டு மேலுக்கே வந்தா, தாச்சியில போட்டவுடன ஊதிப் பெருத்து, இறக்கின உடன சுருங்கிற சொசேஜ் அதுதான். மெசினால எலும்பிலயிருந்து பிரிச்ச கோழி எண்டும் சிலதில இருக்கும், அது ஆபத்தில்ல, ஆனா கடிக்க இறைச்சி மாதிரி இருக்காது, அதாலதான் அந்தப் பக்கெற் மலிவு.

ஈ 250 எண்டு இருக்கிறது சோடியம் நைற்றைற். அதுதான் அந்த இளஞ்சிவப்பு நிறத்தைத் தாறது, பொட்டுலிசம் எண்ட கொடிய நோயை உண்டாக்கிற பக்ரீரியாவையும் தடுக்கிறது. அதுக்காக தினமும் சாப்பிடுற சாமான் இல்ல இது. உலக சுகாதார நிறுவனத்திட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015ல பதப்படுத்தின இறைச்சியை மனிசருக்கு புற்றுநோய் உண்டாக்கிற பொருட்கள்ட முதல் பிரிவில சேர்த்தது, ஒவ்வொரு நாளும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் வாற வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம் கூடும் எண்டும் சொன்னது. ஒரு நாளைக்கு ஒரு சொசேஜ் அந்த அளவுக்கு கிட்ட வந்திடும். ரூமில தனிய இருக்கிற பிள்ளையள் காலமை சொசேஜ், இரவைக்கு சொசேஜ் போட்ட நூடில்ஸ் எண்டு ஓட்டுறது எனக்கு மெய்யா கவலை, கிழமையில ஒருக்கா ரெண்டு தரம் எண்டு வையுங்கோ, மற்ற நாளுக்கு முட்டையும் பருப்பும் ரின் மீனும் இருக்கு.

டெவல்

புதுசா சமைக்கிறவை முதல் பழகவேண்டியது உறைப்பும் இனிப்பும் புளிப்புமான இந்தப் பிரட்டல்தான், வெந்த சிக்கன் சொசேஜுக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் எனக்குத் தெரியேல்ல. மூண்டு பேருக்கு 300 கிராம் சொசேஜ். பிரீசரில இருந்ததை முதல் நாள் இரவே பிரிட்ஜிட கீழ் தட்டுக்கு மாத்தி ஐஸ் கரைய விடுங்கோ, ஐஸோட போட்டா தண்ணி விட்டு அவிஞ்சுபோகும், சிவக்காது. சரிவா ஒரு அங்குலத் துண்டா வெட்டுங்கோ. ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெயில நல்ல நெருப்பில ஓரம் சிவக்கிறவரைக்கும் வாட்டி எடுத்து ஒரு பக்கம் வையுங்கோ, இந்த எடுத்து வைக்கிறதைத்தான் கனபேர் விடுறவை, சொசேஜும் மரக்கறியும் ஒண்டாக் கிடந்தா ரெண்டும் சொதசொதக்கும்.

அதே எண்ணெயில நாலு பல்லு உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை ஒரு துண்டு, இடிச்ச செத்தல் மிளகாய் ஒரு மேசைக்கரண்டி. மிளகாய் கருக முதல் பெரிய வெங்காயம் ஒண்டு, கறிமிளகாய் ரெண்டு, தக்காளி ஒண்டு எல்லாம் பெரிய துண்டா வெட்டிப் போட்டு ரெண்டே நிமிசம், வெங்காயம் மொறுமொறுப்பு விடக்கூடாது. பிறகு தக்காளி சோஸ் மூண்டு மேசைக்கரண்டி, சோயா சோஸ் ஒரு தேக்கரண்டி, வினாகிரி ஒரு தேக்கரண்டி, சீனி கொஞ்சம். சொசேஜைத் திருப்பிப் போட்டு ஒரு நிமிசம் பிரட்டி இறக்குங்கோ. உப்பு போடாதீங்கோ, சொசேஜிலயும் சோயா சோஸிலயும் இருக்கிறதே காணும்.

லிங்குஸை டெவலுக்கு போடவேண்டாம், அதின்ட மணத்தை தக்காளி சோஸ் மூடிடும். மேல சொன்ன மாதிரி சொந்தக் கொழுப்பில வாட்டி, கடைசியில வெங்காயத்தை வளையமா வெட்டி அந்தக் கொழுப்பிலேயே வதக்கி, சூடான பாணும் தேங்காய்ச் சம்பலும், வேற ஒண்டும் வேண்டாம். கறி வைக்க விருப்பமெண்டா வெந்த வகையை வாட்டிப்போட்டு, வெங்காயம், கறித்தூள், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து கொதிச்சு தடிச்சாப்பிறகு கடைசி மூண்டு நிமிசத்துக்குப் போடுங்கோ, முதலே போட்டா ஊறிப் பெருத்து ருசி குழம்புக்குப் போயிடும்.

வச்செடுக்கிறது

கொழும்பு வெயிலில இது விளையாட்டில்ல. கடையில எல்லாம் வாங்கி முடிஞ்சு காசு கட்டப் போகேக்கதான் பிரீசரில இருந்து சொசேஜை எடுங்கோ, 100 பஸ்ஸில காலி வீதி நெரிசலுக்குள்ள நிண்டு வாறதெண்டா நேர வீட்டுக்கு வாங்கோ. பச்சை சொசேஜ் பிரிட்ஜில ஒரு நாள், கூடினது ரெண்டு நாள், அதுக்குள்ள சமைக்காட்டி பிரீசர். வெந்த வகை பக்கெற் வெட்டினாப்பிறகு ஒரு கிழமை, காத்துப்புகாத டப்பாவில. சமைச்சது மிஞ்சினா மூண்டு நாலு நாள். பக்கெற்றுக்குள்ள கொழகொழப்பா வழுக்கினாலோ புளிச்ச மணம் வந்தாலோ கழுவிச் சமைக்கப் பாக்காதீங்கோ, எறியுங்கோ.

கர்ப்பிணிமாரும் வயசானவையும் வெந்த சொசேஜை எண்டாலும் பக்கெற்றால எடுத்து அப்பிடியே சாப்பிடக்கூடாது, ஆவி பறக்க சூடாக்கவேணும். லிஸ்டீரியா எண்ட கிருமி பிரிட்ஜ் குளிரிலயும் வளரும். தென்னாபிரிக்காவில 2017, 2018ல போலோனி எண்ட வெந்த சொசேஜால பரவின லிஸ்டீரியாவில 200க்கு மேல ஆக்கள் செத்தவை, கனக்க பச்சைக் குழந்தையள்.

கரண்ட் போனா, 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினதை ஆரும் மறந்திருக்கமாட்டியள், கதவைத் திறந்து திறந்து பாக்காதீங்கோ. மூடினபடி விட்டா பிரிட்ஜ் ஒரு நாலு மணித்தியாலம் தாங்கும், நிறைஞ்ச பிரீசர் ரெண்டு நாளுக்குக் கிட்ட, பாதிதான் நிறைஞ்சிருந்தா ஒரு நாள். கரண்ட் வந்தாப்பிறகு பிரீசரில இருந்த சொசேஜைத் தொட்டுப் பாருங்கோ, இன்னும் ஐஸ் துகள் இருந்தா திருப்பி உறையவிடலாம், கொஞ்சம் ருசி குறையும் அவ்வளவுதான். கரைஞ்சாலும் குளிரா இருக்குதெண்டா அண்டைக்கே சமையுங்கோ. குளிர் விட்டுப்போய் ரெண்டு மணித்தியாலம் தாண்டிட்டுது எண்டா குப்பைக்குத்தான்.